லாட்ஜ் புக்கிங் சாஃப்ட்வேருக்கு டிஸ்ட்ரிபியூட்டட் எஸ்க்யூஎல் – காக்ரோச், யுகாபைட், டைடிபி, எத நம்பி எறங்கலாம்?

லாட்ஜ் சாஃப்ட்வேர்காரன்:

வணக்கம் மக்களே. காட்பாடியில சின்ன கம்பெனி, மொத்தமே 9 பேரு, லாட்ஜுங்களுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் பண்ணித் தர்றோம். வேலூர் ஆளுங்களுக்கு விளக்கவே வேணாம், ஆஸ்பத்திரிக்குன்னு பெங்கால், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ்லேந்து வர்ற ஜனம் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, காகிதப்பட்டறை பக்கம் லாட்ஜுங்கள்லதான் தங்குவாங்க, அதுவும் ரெண்டு நாள்ல கிளம்புற கூட்டம் இல்ல, டெஸ்ட்டு, ரிசல்ட்டு, ஆபரேஷன், திரும்ப செக்கப்புன்னு ரூம நீட்டிக்கிட்டே போவாங்க. இப்ப எங்ககிட்ட 340 லாட்ஜ் இருக்கு, திருப்பதி, திருவண்ணாமலைலேந்தும் கேக்குறாங்க.

பிரச்சனை என்னன்னா ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வாடகை சர்வர்ல டிஸ்க் போயிடுச்சு. பேக்கப் இருந்துச்சு, ஆனா 14 மணி நேரம் பழசு. நடுவுல போட்ட புக்கிங் பூரா காலி. திங்கக்கிழமை விடியக்காலம் ரயில்ல வந்து காட்பாடியில எறங்கி ஆட்டோ புடிச்சு வந்தவங்க நிக்கிறாங்க, ஒரே ரூம் ரெண்டு குடும்பத்துக்கு போயிருக்கு. கீமோ நடந்துட்டு இருக்குற அம்மாவ வெச்சுக்கிட்டு ஒரு பையன் ரிசப்ஷன்ல ஒன்றரை மணி நேரம் நின்னானாம், அந்த ஓனர் எனக்கு போன் போட்டு பேசுனத இங்க எழுத முடியாது.

அதுக்கப்புறம் எங்க முதலாளி பெங்களூர்ல ஏதோ டெக் மீட்டிங் போயிட்டு வந்து "இனிமே டிஸ்ட்ரிபியூட்டட்தான்யா, கரப்பான்பூச்சின்னு ஒண்ணு இருக்காம், அடிச்சாலும் சாகாதாம்" அப்படின்னு ஒரே புடியா நிக்கிறாரு. நான் பாத்த வரைக்கும் காக்ரோச்டிபி, யுகாபைட்டிபி, டைடிபி மூணுதான் எல்லாரும் சொல்றாங்க, மூணுமே டேட்டாவ பல மெஷின்ல காப்பி போட்டு பிரிச்சு வெக்கிற டேட்டாபேஸ். இப்ப ஓடுறது போஸ்ட்கிரெஸ் 14-ன்ற டேட்டாபேஸ், ஒரே மெஷின். யாராவது நெஜமா ஓட்டுனவங்க சொல்லுங்க, எது ரிலையபிள், நாளைக்கு 2000 லாட்ஜ் ஆனா எது தாங்கும்?

கோட்டை அகழி:

தம்பி மொதல்ல நாலு கேள்விக்கு பதில் சொல்லு, அப்புறம் பூச்சி புடிக்கலாம். டேட்டா எவ்ளோ ஜிபி? பீக்ல செகண்டுக்கு எத்தன ரைட்டு, அதாவது டேட்டாபேஸ்ல எழுதுறது? கடைசி எத்தன நிமிஷ டேட்டா போனா ஓனருங்க சும்மா இருப்பாங்க? சர்வர் விழுந்தா எத்தன நிமிஷத்துல எழுந்திரிக்கணும்? இந்த நாலும் கையில இல்லாம டேட்டாபேஸ் தேடுறது, அளவு சொல்லாம டைலர்கிட்ட துணி குடுக்குற மாதிரி.

லாட்ஜ் சாஃப்ட்வேர்காரன்:

அண்ணா, டேட்டா 46 ஜிபி. அதுல 38 ஜிபி ஐடி ப்ரூஃப் ஸ்கேன், ஆதாரு, பாஸ்போர்ட்டு எல்லாம் டேபிள்லயே பைட்டாவா கிடக்குது, வெளிநாட்டு ஆளுங்க வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்பணும்ல, அதுக்காக ஆரம்பத்துல யாரோ அப்படியே உள்ள தள்ளிட்டாங்க. யாரோ என்ன, நான்தான். ரைட்டு பீக்ல செகண்டுக்கு ஒரு 60, ரீடு ஒரு 400. காலைல 9 மணிக்கு எல்லா லாட்ஜும் ஆக்குபன்சி ரிப்போர்ட் எடுப்பாங்க, அப்ப மட்டும் திணறும். டேட்டா ஒரு புக்கிங் கூட போகக்கூடாது. எழுந்திரிக்க 5 நிமிஷம்னா ஓகே.

கோட்டை அகழி:

பாரு, கேட்டதும் வந்துருச்சு. உன் நெஜ டேட்டா 8 ஜிபி. இப்ப விக்கிற சாதா லேப்டாப்போட மெமரியிலயே மொத்தமும் அடங்கிடும். ஒரு லாட்ஜுக்கு சராசரியா 30 ரூம்னு வெச்சா 10,200 ரூம், தெனம் ஒரு ரூமுக்கு ஒரு ரோ எழுதுனாலும் வருஷத்துக்கு 37 லட்சம் ரோ, போஸ்ட்கிரெஸ்க்கு இது சுண்டக்கா. செகண்டுக்கு 60 ரைட்டுன்னா ஒரு சுமாரான எஸ்எஸ்டி தூங்கிட்டே பண்ணும். நீ 2000 லாட்ஜ் போனாலும் 6 மடங்கு, அவ்ளோதான். ஸ்கேல் உன் பிரச்சனையே இல்ல. உன் பிரச்சனை ஒரே மெஷின், 14 மணி நேர பழைய பேக்கப். அதுக்கு மருந்து வேற. ஸ்கேன் படத்த எல்லாம் தூக்கி எஸ்3 மாதிரி ஃபைல் வெக்கிற ஆப்ஜெக்ட் ஸ்டோர்ல போட்டுட்டு டேபிள்ல ஃபைல் எங்க இருக்குன்ற பாத் மட்டும் வை, பாதி காய்ச்சல் இறங்கிடும், பேக்கப் எடுக்குற நேரமும் கொறையும்.

ராணிப்பேட்டை டு பெங்களூர்:

அகழி அண்ணன் சொல்றது சரிதான், ஆனா டிஸ்ட்ரிபியூட்டட்னாலே ஸ்கேலுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, பாதி பேர் அத எடுக்குறதே மெஷின் செத்தாலும் டேட்டா போகக்கூடாதுன்னுதான். நான் 3 வருஷமா பெங்களூர்ல காக்ரோச் ஓட்டுறேன், பேமெண்ட் சம்பந்தப்பட்ட வேலை. என் அனுபவத்த சொல்றேன், கொஞ்சம் நீளம்.

இந்த மொத்த குடும்பத்துக்கும் தாத்தா கூகுள் ஸ்பேனர், 2012-ல பேப்பர் போட்டாங்க, அவங்க டேட்டா சென்டர்ல ஜிபிஎஸ், அணு கடிகாரம் எல்லாம் வெச்சு எந்த மெஷின்லயும் நேரம் சில மில்லிசெகண்டுக்கு மேல வித்தியாசம் வராம பாத்துக்குவாங்க. அங்கேந்து வெளிய வந்த ஆளுங்க 2015-ல ஆரம்பிச்ச கம்பெனிதான் காக்ரோச் லேப்ஸ். நம்மகிட்ட அணு கடிகாரம் ஏது, அதனால காக்ரோச் என்டிபின்னு நெட்வொர்க் வழியா நேரம் சரி பண்ற சாதா கடிகாரத்த வெச்சே சமாளிக்குது, டிஃபால்ட்டா 500 மில்லிசெகண்டு வரைக்கும் வித்தியாசம் பொறுத்துக்கும், அதுல 80 சதவீதத்த தாண்டி மத்த நோடுங்களோட, அதாவது கூட ஓடுற மத்த மெஷினுங்களோட, ஒத்துப்போகலன்னா அந்த நோடு தானே செத்துடும். எங்களுக்கு முதல் மாசமே இது நடந்துச்சு, என்டிபி சர்வீஸ் ஒரு மெஷின்ல நின்னு போயிருந்தது யாருக்கும் தெரியல. கரப்பான்பூச்சி கடிகாரம் பாத்து தற்கொல பண்ணிக்கும்னு யாரு எதிர்பாத்தா?

உள்ள என்ன நடக்குதுன்னா டேட்டாவ ரேஞ்சு ரேஞ்சா வெட்டும், டிஃபால்ட் 512 எம்பி, ஒவ்வொரு ரேஞ்சுக்கும் 3 காப்பி வேற வேற நோடுல, ராஃப்ட்னு ஒரு ஓட்டெடுப்பு முறை, 2014-ல ஓங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் எழுதுனது. 3-ல 2 பேர் எழுதிட்டேன்னு சொன்னாதான் கமிட், அதாவது எழுதுனது உறுதி. அதனால ஒரு நோடு செத்தாலும் ஒரு ரோ கூட போகாது, சில செகண்டுல மிச்சம் இருக்குறவங்களுக்குள்ள புது லீடர் வந்துடுவாரு. இத நான் கண்ணால பாத்துருக்கேன், நடுப்பகல்ல ஒரு மெஷின் போச்சு, எங்க கஸ்டமர் ஒருத்தருக்கும் தெரியல, எனக்கு அலர்ட் வந்து நான் டீ குடிச்சுட்டு மெதுவா போய் பாத்தேன். அந்த நிம்மதிய நான் குறைச்சு சொல்லமாட்டேன். ஆனா உங்க 8 ஜிபிய 512-ஆல வகுத்தா 16 ரேஞ்சு. 16 ரேஞ்சுக்கு ஒரு கிளஸ்டர்.

கஷ்டம் எங்கன்னா, ஒண்ணு, டிஃபால்ட் ஐசொலேஷன் சீரியலைசபிள், அதாவது எல்லாம் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஓடுன மாதிரியே இருக்கணும்ன்ற கண்டிப்பு, ரெண்டு ட்ரான்சாக்ஷன் முட்டுனா ஒண்ணுக்கு 40001 எரர் குடுத்து திரும்ப ஓட்டுன்னு சொல்லிடும், திரும்ப ஓட்ற கோடு உங்க ஆப்புல இருக்கணும். எங்க பையன் ஒருத்தன் எஸ்எம்எஸ் அனுப்புற லைன ட்ரான்சாக்ஷனுக்குள்ளயே வெச்சிருந்தான், ரீட்ரை ஆக ஆக ஒரே ஆளுக்கு 4 எஸ்எம்எஸ் போச்சு. இப்ப அதவிட தளர்வான ரீட் கமிட்டடும் குடுக்குறாங்க, ஆனா அப்ப நீங்க ரூம் டபுள் புக்கிங்க நீங்களே தடுக்கணும். ரெண்டு, ஐடிய 1, 2, 3-ன்னு வரிசையா போட்டா எல்லா இன்செர்ட்டும் கடைசி ரேஞ்சுலயே விழும், 10 நோடு வெச்சாலும் ஒண்ணுதான் வேலை செய்யும், மத்தது வேடிக்கை பாக்கும். வரிசை இல்லாத யூயூஐடிக்கு மாறணும், இல்ல வரிசைய கலைச்சு பரப்புற ஹாஷ் ஷார்டட் இன்டெக்ஸ் போடணும். மூணு, லைசென்ஸ். 2019 வரைக்கும் ஓப்பன் சோர்ஸ், அப்புறம் பிஎஸ்எல்னு கட்டுப்பாடு உள்ள லைசென்ஸ், 2024 நவம்பர்லேந்து முழுக்க என்டர்பிரைஸ் லைசென்ஸ்தான், வருஷ வருமானம் 1 கோடி டாலருக்கு கீழ இருந்தா இலவசம், ஆனா யூசேஜ் விவரத்த அவங்களுக்கு அனுப்புற டெலிமெட்ரிய ஆஃப் பண்ணக்கூடாது, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். உங்களுக்கு இலவசம்தான் வரும், ஆனா முதலாளிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் நம்ம தலைல வரும்.

குடியாத்தம் லுங்கி:

இன்னாப்பா ஆளாளுக்கு மூணு நோடு மூணு நோடுன்றீங்க, மூணு நோடு எங்க வெக்கிறதுன்னு ஒருத்தனும் சொல்லமாட்டேன்றீங்க. எங்க ஆபீஸ்ல நடந்த கதைய கேளு. மூணு மிஷினு வாங்கி ஒரே ரூம்ல ஒரே ரேக்குல அடுக்கி ஒரே யுபிஎஸ்ல மாட்டிகினு ஹை அவைலபிலிட்டின்னு போர்டு மாட்டாத குறையா சொல்லிகினு இருந்தோம். மே மாசம் வெயிலு, உனக்கு தெரியும் நம்ம ஊர் வெயிலு, ஏசி நின்னு பூட்ச்சு, அப்பால கரண்டு பூட்ச்சு, யுபிஎஸ் பேட்டரி ஊதிகினு கீது ஒருத்தனும் பாக்கல, மூணும் ஒண்ணா படுத்துச்சு. எழுப்புனா ஒண்ணுல டிஸ்க்கு கரப்ட்டு. சல்லிசா கெடைக்குதுன்னு வாங்குன எஸ்எஸ்டி, எழுதிட்டேன்னு சொல்லும், ஆனா எழுதியிருக்காது, கேஷ்லயே வெச்சிகினு இருக்கும், கரண்டு போனா அவ்ளோதான். ரெண்டு எழுந்துச்சு, அதனால தப்பிச்சோம், இல்லாட்டி நான் இப்ப லுங்கி வித்துகினு இருப்பேன். மூணு நோடுன்னா மூணு வேற வேற எடம்பா. அவ்ளோதான் நான் சொல்றது.

கோட்டை அகழி:

லுங்கி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். நம்ம ஊர பத்தி பழசா ஒரு பேச்சு இருக்கே, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு. சாமி 1981-ல ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள திரும்ப வந்துட்டாரு, கோட்டைக்கு ராஜா வரல. மூணு நோடுல ரெண்டு போயிட்டா மிச்ச ஒண்ணு அந்த கோட்டை மாதிரிதான். சுவரு ஸ்ட்ராங்கா நிக்கும், டேட்டா பூரா உள்ள இருக்கும், ஆனா உத்தரவு போட ஆள் இருக்காது, ஒருத்தன் மட்டும் ஓட்டு போட்டு லீடர் ஆக முடியாது, அதனால ரைட்டும் நிக்கும், சரியான ரீடும் நிக்கும். 4 நோடு வெச்சா தப்பிக்கலாமான்னு கேப்பாங்க, 4-க்கு மெஜாரிட்டி 3, அப்பவும் ஒண்ணுதான் சாகலாம், காசுதான் வேஸ்ட்டு. 5-க்கு 3, அப்பதான் ரெண்டு சாகலாம்.

இதே கணக்குதான் ஊர் விஷயத்துலயும். அமேசானோட கிளவுட் ஏடபிள்யூஎஸ் மும்பைல 2016-லேந்து இருக்கு, ஹைதராபாத் 2022-ல வந்துச்சு, சரி ரெண்டுலயும் போட்டா ஒரு ஊரே மூழ்குனாலும் பொழைக்கலாம்னு சேல்ஸ்காரன் சொல்லுவான். 3 காப்பிய ரெண்டு ஊர்ல போட்டா ஒரு ஊர்ல 2 இருந்தே தீரும், அந்த ஊர் போனா மெஜாரிட்டி போச்சு. மூணாவது ஊர் வேணும். அதுவும் இல்லாம ஃபைபர்ல வெளிச்சம் மில்லிசெகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும், மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நேர்கோட்டுலயே 600-க்கு மேல, போயிட்டு வர குறைஞ்சது 6 மில்லிசெகண்டு, கேபிள் சுத்தி போறத சேத்தா இன்னும் மேல, ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்த வாடகைய கட்டணும். ஒரே ஊர்ல மூணு அவைலபிலிட்டி ஸோன்ல, அதாவது தனித்தனி டேட்டா சென்டர்ல, போட்டா உனக்கு போதும்.

ஆற்காடு மக்கன்பேடா:

நான் யுகாபைட், சைட்டஸ் ரெண்டும் கொஞ்சம் ஆடிப்பாத்தவன். அதுக்கு முன்னாடி ஒரு பழைய புலம்பல் இருக்கு, ஏன்னா ஷார்டிங் கீ, அதாவது டேட்டாவ எத வெச்சு பல டேட்டாபேஸா பிரிக்கிறதுன்றத பத்தி இங்க யாருமே பேசல, எனக்கு அதுல ஒரு வடு இருக்கு.

முன்ன வேல பாத்த எடத்துல உர டீலருங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். அப்ப நாங்களே கையால ஷார்டிங் பண்ணோம், மாவட்டத்துக்கு ஒரு டேட்டாபேஸ், வேலூர் ஒண்ணு, திருவண்ணாமலை ஒண்ணு, காஞ்சிபுரம் ஒண்ணு. ரொம்ப புத்திசாலித்தனமா பட்டுச்சு. 2019 நவம்பர்ல வேலூர மூணா பிரிச்சாங்க, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு போச்சு, ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கு போச்சு, அதே மாசம் காஞ்சிபுரத்துலேந்து செங்கல்பட்டு பிரிஞ்சுது. டீலரெல்லாம் ரிப்போர்ட் புது மாவட்டப்படி வேணும்னு கேக்குறாங்க, பழைய பில்லு பழைய மாவட்டத்துல கிடக்குது, ஒரே டீலர் ரெண்டு டேட்டாபேஸ்ல. தீபாவளி முடிஞ்சு பொங்கல் வரைக்கும் டேட்டா நகத்துனதுதான் வேல. எங்க தாத்தா காலத்துல வடாற்காடுன்னு ஒண்ணா இருந்தது 1989-லயே ரெண்டா போச்சு, இது தெரிஞ்சும் மாவட்டம் மாறாதுன்னு நெனச்சோம் பாருங்க.

அதனால லாட்ஜ்காரரே, என்னைக்காவது பிரிக்கணும்னா லாட்ஜ் ஐடிய கீயா வைங்க, ஊரு, மாவட்டம், பின்கோடு எதுவும் வேணாம். ஒரு லாட்ஜோட எல்லா டேட்டாவும் ஒரே எடத்துல இருந்தா டேபிளுங்கள சேக்குற ஜாயின் எல்லாம் லோக்கலாவே முடியும். சைட்டஸ் இந்த மாதிரி கேஸுக்குன்னே செஞ்சது, போஸ்ட்கிரெஸ் மேல ஒரு எக்ஸ்டென்ஷன்தான், 2019-ல மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு, 2022-ல முழுக்க ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. ஆனா சைட்டஸ்ல ரெப்ளிகேஷன் சாதா போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன்தான், ராஃப்ட் மாதிரி தானா எழுந்து நிக்காது, அத நீங்க தனியா கட்டணும்.

யுகாபைட்ட பொறுத்தவரைக்கும் ஃபேஸ்புக்லேந்து வந்தவங்க 2016-ல ஆரம்பிச்சது. மேல பாதி நெஜ போஸ்ட்கிரெஸ் கோடே, கீழ ஸ்டோரேஜ் மட்டும் அவங்களோடது, ராக்ஸ்டிபின்ற ஸ்டோரேஜ் இன்ஜின் அடிப்படைல. அதனால டேட்டாபேஸுக்குள்ளயே எழுதுற ட்ரிக்கர், ஸ்டோர்டு ப்ரொசீஜர் எல்லாம் பெரும்பாலும் அப்படியே ஓடும், காக்ரோச் போஸ்ட்கிரெஸ் மாதிரி பேசும், ஆனா உள்ள எல்லாமே கோ மொழில புதுசா எழுதுனது. லைசென்ஸ் அப்பாச்சி 2.0, தொல்லை இல்ல. ரொம்ப நாள் போஸ்ட்கிரெஸ் 11-லயே இருந்துச்சு, 2025-லதான் 15-க்கு வந்துச்சு. மெமரி நல்லா சாப்பிடும், சின்ன மெஷின்ல போட்டு திட்டாதீங்க.

இலவம்பாடி முள்கத்திரி:

டைடிபிய ஒரு வார்த்தைல முடிச்சிடறேன். நல்ல சரக்கு, 2015-ல சீனால ஆரம்பிச்சது, கீழ இருக்குற டைகேவி ரஸ்ட்ல எழுதுனது, 2020-ல கிளவுட் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுங்கள பாத்துக்குற சிஎன்சிஎஃப்ல கிராஜுவேட் ஆச்சு. ஆனா அது பேசுறது மைஎஸ்க்யூஎல், நீங்க இருக்குறது போஸ்ட்கிரெஸ்ல, மாறுறதுக்கு காரணமே இல்ல. அதோட கேள்விய வாங்குற டைடிபி தனி, எல்லாத்தையும் மேய்க்கிற பிடி தனி, டேட்டா வெக்கிற டைகேவி தனி, ப்ரொடக்ஷனுக்கு 2, 3, 3-ன்னு அவங்களே சொல்றாங்க, 9 பேர் கம்பெனில 8 ப்ராசஸ், ஆளுக்கு ஒண்ணு மேய்க்கலாம்.

ரிலையபிள்னு விளம்பரத்துல போட்டிருக்கறத நம்பாதீங்க, ஜெப்சன் ரிப்போர்ட் படிங்க. கைல் கிங்ஸ்பரின்னு ஒருத்தர், இந்த டேட்டாபேஸுங்கள ஓடும்போதே நெட்வொர்க்க வெட்டி, கடிகாரத்த நகத்தி, ப்ராசஸ கொன்னு, அப்புறம் டேட்டா சரியா இருக்கான்னு பாப்பாரு. காக்ரோச் 2017-ல, டைடிபியும் யுகாபைட்டும் 2019-ல மாட்டுச்சு. டைடிபில அப்ப டிஃபால்ட்டா ஆட்டோ ரீட்ரை இருந்துச்சு, அதனால ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தர் எழுதுனதுல காணாம போச்சு, அப்புறம் அத டிஃபால்ட்ல ஆஃப் பண்ணாங்க. எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு கிடைச்சுது, முக்கியம் என்னன்னா அத அவங்க எப்படி சரி பண்ணாங்கன்றதுதான்.

ஆனா என் கேள்வி வேற. உங்க டபுள் புக்கிங்குக்கு காரணம் பேக்கப் பழசுன்னு சொல்றீங்க. சாதா நாள்ல டபுள் புக்கிங் ஆகாதுன்னு எப்படி சொல்றீங்க, டேபிள்ல தடுப்பு இருக்கா, இல்ல ஆப்புல செலக்ட் போட்டு காலியா இருந்தா இன்செர்ட் பண்றீங்களா? ரெண்டு ரிசப்ஷன்ல ஒரே நேரத்துல பட்டன் அமுக்குனா ரெண்டுமே காலின்னு பாக்கும், ரெண்டுமே போட்டுடும். ஒரு ரூம், ஒரு தேதி, அதுக்கு ஒரு ரோ, ரெண்டும் சேந்து ப்ரைமரி கீ. எந்த டேட்டாபேஸ்லயும் இது ஓடும். ரெண்டாவது ஆள் வந்தா டேட்டாபேஸே வெளிய தள்ளிடும்.

லாட்ஜ் சாஃப்ட்வேர்காரன்:

முள்கத்திரி அண்ணே, குத்திட்டீங்க. செலக்ட் போட்டு இன்செர்ட்தான். தேதி கீ ஐடியாவ நேத்து டெஸ்ட் டேட்டாபேஸ்ல போட்டு பாத்தேன், பழைய டேட்டாவ ஏத்துனா ஆயிரக்கணக்குல முட்டுது. பயந்து போய் ரெண்டு லாட்ஜுக்கு போன் போட்டா, "தம்பி நம்மது 24 மணி நேர செக்கவுட்டு"ன்றாங்க. விடியக்காலம் 5 மணிக்கு ரயில்ல வந்தவன் அடுத்த நாள் 5 மணிக்கு காலி பண்ணுவான், அதே ரூம் 6 மணிக்கு இன்னொருத்தனுக்கு. ஒரே தேதி, ஒரே ரூம், ரெண்டு பேரு, ரெண்டுமே சரி. தேதி வெச்சு தடுத்தா தெனமும் பாதி ரூம் விக்க முடியாது.

இலவம்பாடி முள்கத்திரி:

அடடா, நான் ஸ்டார் ஓட்டல் 12 மணி செக்கவுட்ட மனசுல வெச்சு சொல்லிட்டேன், நம்ம ஊர் லாட்ஜ் கணக்கே வேறல்ல. அப்ப உங்களுக்கு எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட். போஸ்ட்கிரெஸ்ல 2010-ல 9.0-லேந்து இருக்கு, ரேஞ்சு டைப் 2012-ல 9.2-ல வந்துச்சு. ரூம் ஐடி சமமா இருந்து, உள்ள வர்ற நேரம் வெளிய போற நேரம் ரேஞ்சு ஒண்ணோட ஒண்ணு மேல விழுந்தா விடாதன்னு ஒரே லைன்ல எழுதிடலாம், பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் மட்டும் போட்டுக்கணும். ரேஞ்சோட முடிவு பக்கம் சேராத மாதிரி வைங்க, 5 மணிக்கு போறவனும் 5 மணிக்கு வர்றவனும் முட்டமாட்டாங்க.

இதுல விஷயம் என்னன்னா இது காக்ரோச்லயும் கிடையாது, யுகாபைட்லயும் கிடையாது. அங்க போனா நீங்க சீரியலைசபிள நம்பி ரீட்ரை எழுதணும், இல்ல ரூம் ரோவ செலக்ட் ஃபார் அப்டேட்டுன்னு லாக் பண்ணி சோதிச்சுட்டு போடணும். பண்ணலாம், தப்பில்ல, ஆனா ஒரு பையன் ஒரு எடத்துல மறந்தா போதும்.

ராணிப்பேட்டை டு பெங்களூர்:

ஓகே, நானும் கட்சி மாறிட்டேன். உங்களுக்கு போஸ்ட்கிரெஸ்தான். ஆனா போஸ்ட்கிரெஸ்னா ஈசின்னு நெனச்சு எறங்காதீங்க. சாதா ரெப்ளிகேஷன் அசின்க்ரோனஸ், காப்பிக்கு போய் சேர்ற வரைக்கும் காத்திருக்காது, ப்ரைமரி (எழுதுற மெயின் மெஷின்) செத்தா கடைசி சில செகண்டு புக்கிங் போகும், உங்க ரூல் ஒண்ணு கூட போகக்கூடாது. சின்க்ரோனஸ் போடணும், அதுவும் ஒரே ஒரு ஸ்டான்ட்பை (காப்பி மெஷின்) வெச்சு போட்டா அது செத்த அன்னைக்கு ப்ரைமரியும் கமிட் பண்ணாம நிக்கும். ரெண்டு ஸ்டான்ட்பை, ரெண்டுல எது ஒண்ணு ஓகே சொன்னாலும் போதும்னு செட்டிங் இருக்கு, போஸ்ட்கிரெஸ் 10-லேந்து. ப்ரைமரி செத்தா ஸ்டான்ட்பைக்கு தானா மாற பட்ரோனின்னு ஒரு டூல். அதுக்கு யாரு ப்ரைமரின்னு குறிச்சு வெக்க எட்சிடி 3 நோடு வேணும், எட்சிடி உள்ள ஓடுறதும் ராஃப்ட்தான். கரப்பான்பூச்சிய பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்த மாதிரி, சிரிச்சுக்கோங்க. இல்ல, இதெல்லாம் வேணாம்னா கிளவுட்காரனே பாத்துக்குற மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ்ல பல ஸோன்ல ஓடுற மல்டி ஏஸட் வாங்கிட்டு தூங்குங்க, காசு கொஞ்சம் கூட.

பேக்கப்ப மறக்காதீங்க. 3 காப்பி இருந்தாலும் யாராவது எந்த ரோன்னு சொல்ற வேர் (WHERE) போடாம டெலீட் அடிச்சா மூணு எடத்துலயும் சுத்தமா அழியும். கோடு வெக்கிற எடம் நடத்துற கிட்லேப் கம்பெனியோட 2017 ஜனவரி 31 கதைய படிங்க, தப்பான சர்வர்ல டேட்டா ஃபோல்டர அழிச்சுட்டாங்க, 5 விதமா பேக்கப், ரெப்ளிகேஷன் வெச்சிருந்தாங்க, ஒண்ணும் ஒழுங்கா இல்ல, யாரோ தற்செயலா 6 மணி நேரம் முன்னாடி எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அத அவங்களே வெளிப்படையா எழுதுனாங்க, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

லாட்ஜ் சாஃப்ட்வேர்காரன்:

மூணு வாரம் கழிச்சு அப்டேட் போடறேன், கேட்டுட்டு காணாம போற ஆளு நான் இல்ல.

ஸ்கேன் படம் எல்லாம் வெளிய போச்சு, டேட்டாபேஸ் 8 ஜிபிக்கு வந்துச்சு. ஆக்குபன்சி ரிப்போர்ட் 9 மணிக்கு திணறுனது பாதி அதனால, மீதி ஒரு இன்டெக்ஸ் இல்லாததால, வெக்கமா இருக்கு. மும்பைல மூணு ஸோன்ல ஒரு ப்ரைமரி, ரெண்டு ஸ்டான்ட்பை, பட்ரோனி, பேக்கப்புக்கு பிஜி பேக்ரெஸ்ட், ஒவ்வொரு மாத்தத்தையும் குறிச்சு வெக்கிற வால் (WAL) ஃபைல் ஒவ்வொண்ணும் வெளிய போகுது. புது மெஷின்ல ரெஸ்டோர் பண்ணி பாத்தேன், 22 நிமிஷம். முதலாளிய பக்கத்துல உக்கார வெச்சு மதியம் 2 மணிக்கு ப்ரைமரிய கொன்னேன், கை நடுங்குச்சு, 40 செகண்டுக்குள்ள மாறிடுச்சு, டெஸ்ட்டா போட்டுட்டே இருந்த புக்கிங்ல ஓகேன்னு வந்தது ஒண்ணு கூட காணாம போகல. அவரு "அப்ப கரப்பான்பூச்சி வேணாமா"ன்னாரு, குரல்ல ஒரு வருத்தம். 10 மடங்கு வளந்தா வாங்கலாம் சார்னேன், லாட்ஜ் ஐடிய எல்லா டேபிள்லயும் போட்டு வெச்சிருக்கேன், மக்கன்பேடா அண்ணன் புண்ணியம்.

எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போடும்போது நெஜமாவே மேல விழுந்த புக்கிங் 17 மாட்டுச்சு, எல்லாம் அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே நடந்தது. யாரும் எங்களுக்கு சொல்லல, ரிசப்ஷன்ல இருந்தவங்களே ரூம் மாத்திக் குடுத்து சமாளிச்சிருக்காங்க.

இப்ப புது பஞ்சாயத்து. ஒருத்தர் காலி பண்ணி அடுத்தவர் வர்றதுக்கு நடுவுல ரூம் கழுவ அரை மணி நேரம் வேணுமாம், அத புக்கிங் ரேஞ்சுலயே சேத்துடவா, தனியா வெக்கவா?

இலவம்பாடி முள்கத்திரி:

சேக்காத. சேத்தா பில்லுல அரை மணி நேரம் கூட வரும், கஸ்டமர் சண்டைக்கு வருவான். க்ளீனிங்னு தனி ரோ அதே டேபிள்ல போடு, அதே கன்ஸ்ட்ரெயின்ட் அதையும் காக்கும். நேரம் எவ்ளோன்றத லாட்ஜ் வாரியா வை, சில எடத்துல பத்து நிமிஷத்துல பெட்ஷீட்ட திருப்பி போட்டுட்டு ரெடின்னுவாங்க.

குடியாத்தம் லுங்கி:

அந்த பத்து நிமிஷ லாட்ஜு எதுன்னு ஒண்டி சொல்லு, எங்க சொந்தக்காரங்க வந்தா அங்க போடாம இருக்கலாம். அப்டியே அந்த மூணு ஸோனு மெய்யாலுமே வேற வேற ஸோன்தானான்னு ஒருக்கா லாகின் பண்ணி பாத்துடு.